அரை ஆயுட்காலம்: வலி மாத்திரை உடம்பில் எத்தனை நாள் இருக்கும்?

மூட்டுவலிக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் ஒன்று மெலாக்சிகாம். அதைப் பற்றிய குறிப்புத் தாளைத் தேடிப் படித்தால், ‘ஹாஃப் லைஃப் 15 முதல் 20 மணி நேரம்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பாதி ஆயுள் 20 மணி என்றால் முழு ஆயுள் 40 மணி, ஆக இரண்டு நாளில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும் என்று கணக்குப் போடத் தோன்றும். அந்தக் கணக்கு தப்பு. ஆனால் படிக்கிறவரைக் குறை சொல்ல முடியாது. அப்படி நினைக்க வைப்பதே அந்தப் பெயர்தான்.

ரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், இதுதான் ஹாஃப் லைஃப். மிச்சமிருக்கும் பாதி அடுத்த 20 மணியில் காலியாகிவிடாது. அந்தப் பாதியில் பாதிதான் போகும். கல்லீரலும் சிறுநீரகமும் மணிக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து வெளியேற்றுவதில்லை; இருப்பதில் இத்தனை பங்கு என்றுதான் வெளியேற்றுகின்றன. நிறைய இருந்தால் நிறையப் போகும், குறைந்தால் போவதும் குறையும். அதனால் மருந்து தீர்ந்துபோகும் நாள் என்று ஒன்றை ஏட்டுக்கணக்கில் குறிக்கவே முடியாது.

இந்தப் பாதிக்குப் பாதிக் கணக்குக்கு நம் பழைய பின்ன வாய்பாடு அப்படியே பொருந்துகிறது. 15 மில்லிகிராம் மெலாக்சிகாம் முழுவதும் ரத்தத்தில் கலந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 20 மணியில் அரை மிஞ்சும், 40 மணியில் கால், 60 மணியில் அரைக்கால், 80 மணியில் வீசம், 100 மணியில் அரைவீசம். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. வீசம் பதினாறில் ஒன்று, மாகாணி என்றாலும் அதுதான். அரைவீசம் முப்பத்திரண்டில் ஒன்று, அதாவது ஏறக்குறைய 3 சதவீதம். 15 மில்லிகிராமில் அரை மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. ஐந்து முறை பாதியாகிவிட்டால் மருந்து போய்விட்டது என்று எடுத்துக்கொள்வது மருந்தியலில் வழக்கம். ஆக ‘இரண்டு நாள்’ என்று நினைத்தது உண்மையில் நான்கு நாளுக்கு மேல். தாளில் சொல்லும் 15 மணியை எடுத்துக்கொண்டாலும் மூன்று நாளைத் தாண்டும்.

இந்தச் சொல் மருத்துவத்தில் பிறந்ததில்லை. 1900-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு, தோரியத்திலிருந்து வெளிவரும் ஒரு கதிரியக்க வாயுவை ஆராய்ந்தார். அதன் வீரியம் சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதைக் கண்டார். சில ஆண்டுகள் கழித்து, 1907 வாக்கில், ‘ஹாஃப் லைஃப் பீரியட்’ என்ற தொடர் அவருடைய எழுத்தில் வருகிறது. பின்னால் ‘பீரியட்’ உதிர்ந்து ‘ஹாஃப் லைஃப்’ மட்டும் நின்றது. ஓர் அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அணுக்கூட்டத்தில் பாதி எப்போது சிதைந்திருக்கும் என்று சொல்லலாம். ரத்தத்தில் மருந்து குறைவதும் அதே கணக்கில் நடப்பதால், மருந்தியல்காரர்கள் சொல்லை அப்படியே இரவல் வாங்கிக்கொண்டார்கள்.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்று யாரும் குறைப்பட வேண்டியதில்லை. இருப்பதே அதிகம். பள்ளி இயற்பியலில் ‘அரை ஆயுட்காலம்’ என்று படிக்கிறோம், வேதியியலில் ‘அரை வாழ்காலம்’ என்று வருகிறது, ‘அரைவாழ்வுக் காலம்’ என்று எழுதுவோரும் உண்டு. ‘ஆயுள்’ வடமொழி வழி வந்தது, ‘வாழ்வு’ தமிழ் என்பதைத் தவிர இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ‘அரை’ பழைய சொல். உடம்பின் நடுவான இடுப்புக்கும் அதே பெயர்தான், அரைஞாண் கயிற்றில் இருப்பது அந்த அரை.

எனக்குள்ள மனக்குறை ‘அரை’ மீது இல்லை, ‘ஆயுள்’ மீதுதான். அரை ஆயுள் என்றதும் முழு ஆயுள் ஒன்று இருப்பதாகக் காதில் விழுகிறது. அப்படி ஒன்று கிடையாது. சராசரி ஆயுள் என்று வேறோர் அளவு இருக்கிறது, அது அரை ஆயுளைப்போல ஏறக்குறைய 1.44 மடங்கு, அதற்கும் இரட்டிப்புக்கும் சம்பந்தமில்லை. ஜெர்மன்காரர்கள் இதை ‘ஹால்ப்வெர்ட்ஸ்ஸைட்’ என்கிறார்கள். பாதி மதிப்புக்கு ஆகும் நேரம் என்று பொருள். ஆயுள் என்ற பேச்சே அங்கே இல்லை. தேர்வு எழுதுகிற மாணவர் ‘அரை ஆயுட்காலம்’ என்றே எழுதட்டும், அது நிலைத்துவிட்ட சொல். நோயாளிக்கான தாளில் ‘பாதியாகும் காலம்’ என்று போட்டால் இன்னும் நல்லது. யாரும் அதை இரண்டால் பெருக்க மாட்டார்கள்.

இந்த மாத்திரைகளுக்கு நூல்களில் ‘ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள்’ என்று ஒரு நீளப் பெயர். அழல் என்றால் நெருப்பு. அழற்சி அதிலிருந்து வந்தது. வீங்கிச் சிவந்து சூடேறிய மூட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டாம். கடையில் எல்லாமே ‘வலி மாத்திரை’ அல்லது ‘பெயின் கில்லர்’. ஆனால் பாதியாகும் காலத்தில் இவை ஒன்றுக்கொன்று வெகு தூரம். டைக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் இரண்டு மணி நேரத்தை ஒட்டி. அசெக்ளோஃபெனாக் சுமார் 4 மணி. நாப்ராக்சென் 12 முதல் 17 மணி, எட்டோரிகாக்சிப் சுமார் 22 மணி. பைராக்சிகாம் சுமார் 50 மணி. ஒன்றை நாளைக்கு இரண்டு மூன்று வேளையும் இன்னொன்றை ஒரே வேளையும் தருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மெலாக்சிகாம் ஏன் இவ்வளவு தங்குகிறது? ரத்தத்துக்குள் போனதும் 99 சதவீதத்துக்கு மேல் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கல்லீரலில் சிஒய்பி2சி9 என்ற நொதிதான் முக்கியமாக அதை வேறு பொருளாக மாற்றுகிறது. மாறியது சிறுநீரிலும் மலத்திலும் ஏறக்குறைய சரிபாதியாக வெளியேறுகிறது. பித்தத்தோடு குடலுக்குப் போனதில் கொஞ்சம் திரும்பவும் உறிஞ்சப்படுவதாகத் தெரிகிறது. ‘நிறைய தண்ணி குடி, மருந்து இறங்கிடும்’ என்ற யோசனை இங்கே செல்லாததற்குக் காரணம் இதுதான். தண்ணீர் என்ன, டயாலிசிஸ் செய்தாலும் இந்த மருந்து பிரிந்து வராது.

தினமும் போடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். முதல் மாத்திரை தீரும் முன் அடுத்தது வந்துவிடுவதால் அளவு படிப்படியாக ஏறி, நான்கைந்து நாளில் ஒரு மட்டத்தில் நிற்கும். அதே ஐந்து பாதிக் கணக்குதான், ஏறுமுகத்தில். முதல் நாளே பலன் தெரியவில்லை என்று கூட ஒன்று போட்டுக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏறிக்கொண்டிருப்பதன் மேல் அவர்கள் இன்னும் ஏற்றுகிறார்கள், வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் காத்திருக்கும் இடம் அது.

உடம்பில் இருக்கும் நேரமும் வேலை செய்யும் நேரமும் ஒன்றல்ல. ரத்தத்தில் சீக்கிரமே குறைந்துவிடும் டைக்ளோஃபெனாக், மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் 12 மணி வரை கூடத் தங்குகிறது. ஆஸ்பிரின் இன்னும் வேடிக்கை. ரத்தத்தில் அது பாதியாக 15, 20 நிமிடம் போதும். ஆனால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் அது செய்துவிட்டுப் போகும் மாற்றம் அந்தத் தட்டணு இருக்கும் வரை மாறாது. புதியவை வந்து சேர 7 முதல் 10 நாள் ஆகும்.

அப்புறம், தாளில் போட்டிருக்கும் எண் மருந்துக்கு மட்டும் உரியதல்ல, மருந்தும் உடம்பும் சேர்ந்த ஜோடிக்கு உரியது. சிஒய்பி2சி9 நொதி பிறவியிலேயே மந்தமாக உள்ளவர்களுக்கு மெலாக்சிகாம் வழக்கத்தைவிட வெகு நேரம் தங்கும், அவர்களுக்கு அளவைக் குறைத்துத் தரச் சொல்கிறார்கள். 65 வயதைக் கடந்த பெண்களுக்கு ரத்தத்தில் சேரும் அளவு இளம்பெண்களைவிடக் கூடுதல். இந்த ஜோடிக் கணக்கின் எல்லையைப் பார்க்கப் பறவைகளிடம் போக வேண்டும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதற்கு மாற்றாக வந்தது மெலாக்சிகாம். நம் உடம்பில் நாள்கணக்கில் கிடக்கும் அதே மருந்து, அந்தக் கழுகுகளின் உடம்பில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகிவிடுகிறது. நீலகிரியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்காகப் பாடுபடுகிறவர்கள், மாட்டு வைத்தியத்துக்கு மெலாக்சிகாமைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் இந்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும்போதும் ஐந்து பாதிக் கணக்கு வந்து நிற்கும். டைக்ளோஃபெனாக்குக்கு ஒரு நாள் இடைவெளி போதலாம், பைராக்சிகாமுக்குப் பத்து நாள் தேவைப்படலாம். எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். மயக்க மருந்து கொடுப்பவர் ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டால் ‘ஏதோ வலி மாத்திரை’ என்று சொன்னால் போதாது. அட்டையையே எடுத்துப்போய்க் காட்டுங்கள், கடைசியாகப் போட்டது எந்த நாள், எத்தனை மணி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.