இன்ஜின் பழகிய கைகளுக்கு மின்வாகனப் பயிற்சி

மின்வாகனப் பராமரிப்புப் பயிற்சிக்கு வரும் மெக்கானிக்குகளில் பலர், தங்கள் அனுபவம் இனிச் செல்லாக்காசுதான் என்ற எண்ணத்தோடு வகுப்பில் அமர்கிறார்கள். பயிற்றுநர் என்ற முறையில் அதை நான் ஏற்பதில்லை. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக், குளிரூட்டும் குழாய்கள், 12 வோல்ட் பேட்டரி ஆகியவை மின்வாகனத்திலும் உண்டு. பெரிய பேட்டரியின் எடை டயர்களுக்குக் கூடுதல் சுமை. வேகம் குறையும்போது மோட்டாரே ஆற்றலை மீட்டுக்கொள்வதால், பிரேக் பேடு தேய்வதைவிடப் பயன்பாடு குறைந்த டிஸ்க் துருப்பிடிப்பதே சில வண்டிகளில் தொல்லையாகிறது. இவற்றையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பவர் பழைய மெக்கானிக்தான்.

அவர் விட்டொழிக்க வேண்டியது, தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கத்தை. இன்ஜினில் கோளாறு என்றால் சத்தம் மாறும், சூடு தெரியும், வாடை வரும். நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே அபாயம் என்று கொள்ளப்படும் நிலையில், 400 வோல்ட்டிலும் சில மாடல்களில் 800 வோல்ட்டிலும் இயங்கும் மின்சுற்று எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும்.

ஆகவே வண்டியை அணைத்து, ஸ்மார்ட் சாவியை எட்டத்தில் வைத்து, 12 வோல்ட் இணைப்பைத் துண்டித்து, பெரிய பேட்டரியின் இணைப்பைப் பிரிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிப் பூட்டி வைத்த பிறகும், உயர் மின்னழுத்தம் செல்லும் ஆரஞ்சு நிறக் கேபிளில் கை வைக்கக் கூடாது. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் இன்வர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் தங்கியுள்ள மின்சாரம் வடிய, தயாரிப்பாளரின் கையேடு குறிப்பிடும் நேரம், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், காத்திருக்க வேண்டும். சர்வீஸ் பிளக்கைத் தொடும் முன்பே, 1000 வோல்ட்டுக்கு உரிய ரப்பர் கையுறையை, விளிம்பிலிருந்து சுருட்டிக் காற்றை விரல்களுக்குள் அடைத்து எங்கேனும் கசிகிறதா என்று சோதித்து அணிந்திருக்க வேண்டும்; மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதிசெய்யும் வரை கழற்றக் கூடாது. மீட்டரையும் முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் வைத்துப் பார்த்து, அடுத்துச் சுற்றை அளந்து, மறுபடியும் பழைய இடத்திலேயே சரிபார்க்க வேண்டும். பூஜ்யம் காட்டும் மீட்டர் பழுதானதாகவும் இருக்கலாமே.

இந்தக் காத்திருப்புதான் கைதேர்ந்தவர்களுக்குப் பொறுக்காது. அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது: முடித்த வேலைக்கு ஏற்பக் கூலி தரும் பட்டறையில், சும்மா நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் சம்பளத்திலிருந்துதான் போகிறது. காத்திருக்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடாத முதலாளி, பயிற்சிக்குச் செலவழிக்கும் பணத்தைத் தாமே வீணாக்குகிறார்.

தொழிற்சாலையில் இருப்பவர்களின் நிலை இன்னும் கடினமானது. பிஸ்டன், கியர்பாக்ஸ், சைலன்சர் செய்யும் பிரிவுகளில் துல்லியமாகக் கடையத் தெரிந்தவரின் திறமை மோட்டார்த் தண்டு செய்வதற்கும் உதவும். ஆனால் மின்மோட்டாரில் அசையும் பாகங்கள் மிகக் குறைவு என்பதால் எல்லோருக்கும் அங்கே இடம் இருக்காது. பயிற்சி அளித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்களிப்பது நேர்மையல்ல. பழைய பிரிவு இயங்கிக்கொண்டிருக்கும்போதே, சம்பளத்தோடு கூடிய நேரத்தில் பயிற்சியைத் தொடங்கினால், வேறு துறைக்குப் போக விரும்புபவருக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றுப்படத்தைப் படிக்கத் தெரிவது அவசியம்தான். ஆயினும் எழுத்துத் தேர்வு மட்டும் வைத்தால், எழுதிப் பழகாத நல்ல தொழிலாளர்கள் தோற்பார்கள்; கையுறையைச் சோதிக்காதவர்கள் தேறிவிடுவார்கள். வண்டியருகே நிறுத்தி, செய்து காட்டச் சொல்லியே மதிப்பெண் போட வேண்டும்.