சொரியாசிஸுக்குக் கஞ்சா எண்ணெய்: சட்டம் எதுவரை அனுமதிக்கிறது?

“மருத்துவக் கஞ்சா இந்தியாவிலேயே சட்டப்படி கிடைக்கிறதாமே, சொரியாசிஸுக்கு வாங்கித் தடவலாமா?” என்று இப்போது பலர் கேட்கிறார்கள். போதைக்காகக் கேட்பவர்கள் அல்ல. முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் தோல் தடித்து, காலையில் போர்வையை உதறினால் மாவு போலச் செதில் கொட்டுவதை வருடக்கணக்கில் பார்த்தவர்கள். ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அடங்கும், விட்டால் மறுபடி கிளம்பும். தொற்றுநோய் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் முடிவெட்டும் கடையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இந்த நிலையில் இருப்பவர், புதிதாக ஒரு மருந்தின் பெயர் காதில் விழுந்தால் விசாரிக்கத்தான் செய்வார். அப்படி விசாரிப்பவர் ஏமாறவும் கூடாது, வழக்கில் சிக்கவும் கூடாது என்பதற்காகத்தான் இந்த விளக்கம்.

முதலில் நேரடியான பதில். இந்தியாவில் நோயாளிகளுக்கென்று கஞ்சா அனுமதி அட்டை கிடையாது. பெயரைப் பதிவு செய்து வாங்கும் அரசுத் திட்டம் எதுவும் கிடையாது. “மெடிக்கல் கார்டு வாங்கித் தருகிறோம்” என்று யாராவது பணம் கேட்டால், அது மோசடி. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருக்கும் நடைமுறையை இங்கே இருப்பதுபோலச் சொல்லி விற்கிறார்கள். இங்கே திறந்திருப்பது ஆயுர்வேத, சித்த மருந்துகள் வழியாக ஒரு குறுகலான பாதை மட்டும்தான். அதிலும், தமிழ்நாட்டில் இருப்பவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு.

நம் நாட்டில் கஞ்சா விஷயத்தை முடிவு செய்வது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதாவது என்.டி.பி.எஸ். சட்டம். அதன் 8ஆவது பிரிவு, கஞ்சா பயிரிடுவது, வைத்திருப்பது, விற்பது, வாங்குவது, பயன்படுத்துவது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது எல்லாவற்றையும் தடை செய்கிறது. “மருத்துவ, அறிவியல் தேவைகளுக்குத் தவிர” என்று ஒரு விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. விற்பவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுவார்கள். வாக்கியம் அங்கே முடிவதில்லை. சட்டமும் விதிகளும் சொல்லும் முறையில், சொல்லும் அளவில், உரிமம் தேவைப்படும் இடத்தில் உரிமத்தோடு என்று தொடர்கிறது. ஆக, இந்த விலக்கு உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பொருந்தும். “எனக்கு நோய் இருக்கிறது, எனவே நான் வைத்திருக்கலாம்” என்று ஒரு தனிமனிதர் இதைக் கையில் எடுக்க முடியாது.

மாடித்தோட்டத்தில் ஒரு செடி வளர்த்து இலையை அரைத்துப் பூசிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செடி வளர்ப்பதற்கு 20ஆவது பிரிவில் பத்து ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வைத்திருக்கும் கஞ்சாவுக்கு எடையைப் பொறுத்துத் தண்டனை குறையும், கூடும். செடி வளர்ப்பதற்கு அப்படி எடைப் படி எதையும் சட்டம் வைக்கவில்லை. ஒரு தொட்டிச் செடியும் அதே பிரிவில்தான் வரும்.

எடை என்றதும் இன்னொரு தவறான நம்பிக்கை நினைவுக்கு வருகிறது. “ஒரு கிலோ வரை வைத்திருந்தால் பிரச்சினை இல்லை” என்பார்கள். கஞ்சாவுக்கு ஒரு கிலோவுக்குக் கீழே சிறிய அளவு, இருபது கிலோவுக்கு மேலே வணிக அளவு என்பது உண்மை. ஆனால் இது தண்டனையைக் கணக்கிடுவதற்கான அளவுகோல். சிறிய அளவுக்கும் ஓராண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பத்து கிராம் வைத்திருந்தாலும் குற்றம் குற்றம்தான். டாக்டர் சீட்டைக் காட்டினால் வழக்கு தானாக விழுந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம்.

வலி மருந்துகளோடு ஒப்பிட்டுச் சிலர் கேட்பதுண்டு: புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைக்கிறதே, இதை மட்டும் ஏன் தருவதில்லை? 2014இல் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று ஒரு வகையை உண்டாக்கினார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறு. கஞ்சா அதில் இல்லை. எனவே மார்ஃபின் போல ஆஸ்பத்திரி வழியாகக் கஞ்சா தர இப்போதைக்கு வழி இல்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தடை நீங்கியதாக நினைத்தவர்கள் உண்டு. நம் உள்நாட்டுச் சட்டத்தில் அதனால் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இலைக்கு ஒரு சட்டம், பூவுக்கு ஒரு சட்டம்

சரி, அப்படியானால் இணையத்தில் “விஜயா எண்ணெய்”, “சிபிடி எண்ணெய்” என்று எப்படி வெளிப்படையாக விற்கிறார்கள்? (சிபிடி என்பது கஞ்சாச் செடியிலுள்ள, போதை தராத ஒரு சேர்மம்.) சட்டம் கஞ்சா என்று சொல்வது அந்தச் செடியின் பூவும் காயும் சேர்ந்த நுனிப்பகுதியை. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த விளக்கத்தில் வராது. பிசின் தனி, அதற்குச் சரஸ் என்று பெயர், அது கடுமையாகத் தடை செய்யப்பட்டது. வட மாநிலங்களில், கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்கும் கடைகள் இருப்பது இலைக்குக் கிடைத்த இந்த விலக்கால்தான்.

அப்புறம், மருந்துச் சட்டம். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஈ(1) என்று ஓர் அட்டவணை இருக்கிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருட்களின் பட்டியல் அது. ஆயுர்வேதப் பகுதியில் பாங்கு இருக்கிறது, சித்தப் பகுதியில் கஞ்சா இருக்கிறது. எட்டிக்கும் அபினிக்கும் பக்கத்திலேயே. இவற்றைச் சேர்த்து மருந்து செய்ய உரிமம் வாங்கலாம்; ஆனால் உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தாக இருந்தால் “மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும்” என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் புட்டியின் மேல் அச்சிட வேண்டும். விஜயா என்பது ஆயுர்வேதத்தில் இந்தச் செடிக்கு உள்ள பெயர். நிறுவனங்கள் மாநிலத்தின் ஆயுஷ் (ஆயுர்வேதம், சித்தம் போன்ற மருத்துவ முறைகளுக்கான) உரிமம் பெற்று, இலைச் சாற்றிலிருந்து செய்த எண்ணெயை இந்த வழியில்தான் விற்கின்றன.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சரஸ் என்றால் செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின், அது எந்த வடிவத்தில் இருந்தாலும் என்கிறது சட்டம். செறிவான இலைச்சாறு எந்த இடத்தில் சாறாக நின்று எந்த இடத்தில் பிசினாக மாறுகிறது என்பது விவாதத்துக்கு இடம் கொடுக்கும் கேள்வி. நிறுவனத்திடம் உரிமம் இருக்கலாம், வக்கீலும் இருக்கலாம். புட்டியை வீட்டில் வைத்திருப்பவரிடம் அவை இரண்டும் இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். சாராயத்துக்கான சட்டம் என்றுதான் பலரும் அதை நினைக்கிறார்கள். போதைப்பொருள் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் கஞ்சாச் செடியின் இலையும் பாங்கும் சேர்ந்தே வருகின்றன. எனவே “மத்தியச் சட்டத்தில் இலைக்குத் தடை இல்லை, பாங்கு உருண்டையை வட மாநிலத்திலிருந்து வாங்கி வந்துவிட்டேன்” என்று வாதாட இங்கே இடம் குறைவு. 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவில், பாங்கு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வராது என்று கூறியதைச் சுட்டிக்காட்டுவார்கள். அது அந்த மாநிலத்தின், அந்த வழக்கின் ஜாமீன் உத்தரவு. தமிழ்நாட்டின் மதுவிலக்குச் சட்டத்தை அது தொடவில்லை.

ஒருவர் உரிமம் பெற்ற ஆயுஷ் மருந்தைத்தான் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். புட்டியைக் கையில் எடுத்து லேபிளைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், மருந்து உரிம எண்ணும், பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். என்னென்ன மூலப்பொருள், எவ்வளவு என்ற பட்டியலில் தாவரப் பெயரோடு இலை என்று குறித்திருக்க வேண்டும். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தென்றால் முன்பு சொன்ன எச்சரிக்கை வரியும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் வாங்காதீர்கள். உணவுப் பொருளுக்கான உரிம எண் மட்டும் போட்டுவிட்டு “சொரியாசிஸ் குணமாகும்” என்று எழுதியிருந்தால் அது மருந்தே அல்ல. பதிவு பெற்ற ஆயுர்வேத அல்லது சித்த மருத்துவர் நேரில் தோலைப் பார்த்து எழுதிய சீட்டும், கடை ரசீதும், பெயர் ஒட்டிய அதே புட்டியும் ஒன்றாக இருக்கட்டும். வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம். இவ்வளவும் இருந்தால் போலீஸ் கேட்கும்போது பதில் சொல்ல ஏதோ கையில் இருக்கும், அவ்வளவுதான். முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

வேலைக்கு மருத்துவப் பரிசோதனை உள்ளவர்கள், ஓட்டுநர்கள், வளைகுடா நாட்டுக்குப் போகக் காத்திருப்பவர்கள் இந்த இலை எண்ணெயை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. இலையிலும் போதை தரும் டிஎச்சி உண்டு. அதன் தடயம் சிறுநீரில் நாள்கணக்கில், தொடர்ந்து எடுத்தவர்களுக்கு வாரக்கணக்கில்கூட நிற்கும்.

சட்டம் இருக்கட்டும், தோலுக்கு நல்லதா?

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சொரியாசிஸில் மேல்தோல் செல்கள் அளவுக்கு மீறி வேகமாகப் பெருகுகின்றன. கஞ்சாவிலுள்ள சில சேர்மங்கள் அந்தப் பெருக்கத்தைக் குறைத்ததாக 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் அது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தது. 2019இல் இத்தாலியில் சிபிடி களிம்பை இருபது பேருக்குத் தடவிப் பார்த்து நல்ல பலன் என்று எழுதினார்கள். அந்த இருபது பேரில் சொரியாசிஸ் உள்ளவர்கள் ஐந்து பேர் மட்டுமே. வெறும் களிம்பு தடவிய குழுவோடு ஒப்பிடவும் இல்லை. சொரியாசிஸ் தானாகவே ஏறி இறங்கும் நோய். ஐந்து பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் சிபிடி மருந்து ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. அது அரிய வகை வலிப்பு நோய்களுக்காக, தோல் நோய்க்காக அல்ல.

நான் மிகவும் கவலைப்படும் விஷயம் ஒன்று உண்டு. நம் ஊரில் கடுமையான சொரியாசிஸுக்குத் தோல் டாக்டர்கள் வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தருகிறார்கள். கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். சிபிடியை அதிக அளவில் உட்கொண்டாலும் கல்லீரல் நொதிகள் ஏறும். இரண்டையும் டாக்டருக்குத் தெரியாமல் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சொரியாசிஸுக்குத் தரும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களும் அதே மாதிரி கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்) உள்ள குழந்தைகளுக்கும் இந்த எண்ணெய் வேண்டவே வேண்டாம். புகைத்தால் தோல் சரியாகும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். புகையிலை சொரியாசிஸை மோசமாக்கும். பீடியில் கலந்து இழுப்பவர்களுக்கு அதுவும் சேர்ந்து போகிறது.

தாராளமாக வாங்கக்கூடியது கஞ்சாச் செடியின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய், கடைகளில் “ஹெம்ப் சீட் ஆயில்” என்று இருக்கும். 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த விதையையும் எண்ணெயையும் மாவையும் உணவாக அனுமதித்தது. குறிப்பிட்ட மிகச் சிறிய அளவுக்கு மேல் டிஎச்சி இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 2005இல் ஃபின்லாந்தில் எக்ஸிமா உள்ள இருபது பேருக்கு இதைத் தினமும் சாப்பிடக் கொடுத்தபோது வறட்சியும் அரிப்பும் குறைந்தன. இதுவும் சின்ன ஆய்வுதான், ஆனால் போதையும் இல்லை, வழக்கும் இல்லை. விதையில் சிபிடி அநேகமாக இருக்காது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. விதை எண்ணெயைச் சிபிடி எண்ணெய் விலைக்கு விற்கிறார்கள்.

லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் அண்ணனோ அக்காவோ “இங்கே டாக்டரே எழுதித் தருகிறார், வரும்போது எடுத்து வருகிறேன்” என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் 2018 நவம்பர் முதல் நிபுணர் மருத்துவர்கள் எழுதலாம், கனடாவில் அதற்கும் முன்பிருந்தே வழி உண்டு. அந்தச் சீட்டு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் செல்லாது. இறக்குமதிக்கு மத்தியப் போதைப்பொருள் அமைப்பின் சான்று தேவை. அதன் தலைமையகம் குவாலியரில் இருக்கிறது. பெட்டியில் ஒரு புட்டி கொண்டுவரும் உறவினருக்கு அந்தச் சான்று கிடைக்கப் போவதில்லை. மாட்டுவது அவர்தான்.

இதற்கிடையில், கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உள்ள சிகிச்சைகள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. போகும்போது பழைய சீட்டுகளை எடுத்துப் போங்கள். புறஊதா ஒளி சிகிச்சை இங்கே உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். காலையில் விரல் மூட்டு விறைத்துக்கொள்கிறதென்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்கோ போகலாம். காளாஞ்சகப்படை என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். வெட்பாலைத் தைலம் நெடுங்காலமாக இதற்குக் கொடுக்கப்படுகிறது.

கஞ்சா எண்ணெயை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருப்பவர் அடுத்த முறை தோல் டாக்டரிடம் போகும்போது புட்டியையே கையோடு எடுத்துப் போய்க் காட்டட்டும். திட்டுவாரோ என்று பயந்து மறைக்க வேண்டாம். கல்லீரல் பரிசோதனை முடிவைப் படிக்க அவருக்கு அந்த விவரம் தேவை.