தலை நீளத்தில் தோற்ற குதிரையை எப்படி எடைபோடுவது?

2010 நவம்பர் 6. அமெரிக்காவின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் பிரீடர்ஸ் கப் கிளாசிக் ஓட்டம். அதுவரை ஓடிய 19 ஓட்டங்களிலும் ஜெயித்திருந்த ஸென்யாட்டா என்ற பெண் குதிரை, கடைசி இடத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து, பிளேம் என்ற குதிரையிடம் ஒரு தலை இடைவெளியில் தோற்றது. அதுவே அதன் கடைசி ஓட்டமும்கூட. அந்தத் தோல்விக்கு மூன்று விளக்கங்கள் உண்டு. பாவம், அதிர்ஷ்டம் இல்லை என்பது ஒன்று. அதன் குணமே அப்படி, ஆரம்பத்தில் பின்தங்கித்தான் ஓடும் என்பது இன்னொன்று. நாம்தான் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடிவிட்டோம் என்பது மூன்றாவது.

மயிரிழையில் தோற்கும் எந்தக் குதிரையைப் பற்றியும் இந்த மூன்று பேச்சும் எழும். எது பொருந்தும் என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும். ஆனால் அதைத் தோற்ற இடைவெளியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று பாருங்கள். பந்தயத்தில் ஒரு குதிரை நீளம் என்பது சுமார் 2.4 மீட்டர். ஒரு தலை என்றால் ஏறக்குறைய அரை மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் குதிரை ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அப்படியென்றால் ஒரு தலை என்பது 0.03 நொடி. ஸென்யாட்டா தோற்ற ஓட்டம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் நடந்தது. நாலாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் வித்தியாசம். இதைப் பிடிக்கும் ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா சாதாரணப் படம் எடுப்பதில்லை. ஒரு மெல்லிய பிளவு வழியாக முடிவுக் கோட்டை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக நீள்வது நேரம். இரண்டு மூக்குகளுக்கு நடுவே நாம் காண்பது ஒன்று கோட்டைத் தொட்டதற்கும் அடுத்தது தொட்டதற்கும் இடைப்பட்ட நொடித் துணுக்கு.

குதிரைகளுக்குத் தர மதிப்பெண் போடும் ஹேண்டிகேப்பர்கள், ஒரு மைல் ஓட்டத்தில் ஒரு குதிரை நீளத்தை, குதிரை முதுகில் சுமக்கும் சுமார் 2 பவுண்டு எடைக்குச் சமமாக வைக்கிறார்கள். ஒரு தலைக்கு அரை பவுண்டுகூடத் தேறாது. அதாவது அவர்கள் கணக்கில் ஜெயித்ததும் தோற்றதும் ஏறக்குறைய ஒரே தரத்தில்தான் ஓடியிருக்கின்றன. பரிசுப் பணமும் பேரும்தான் ஒரு பக்கமாகப் போய்ச் சேருகின்றன.

சரி, அதிர்ஷ்டத்துக்கு வருவோம். அதிர்ஷ்டம் கெட்டது என்று சொன்னால், எத்தனை மீட்டர் கெட்டது என்றும் சொல்ல முடியவேண்டும். இது பல சமயம் முடிகிற காரியம்தான். வளைவில் வெளிப்பக்கமாக ஓடிய குதிரையை எடுத்துக்கொள்வோம். அரைவட்ட வளைவில் உள்வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினால், கூடுதலாக ஓடவேண்டிய தூரம் பை மீட்டர், அதாவது 3.14 மீட்டர். வளைவு பெரியதா சிறியதா என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. எந்த மைதானத்திலும் இதே கணக்குதான். மூன்று மீட்டர் தள்ளி ஓடினால் 9.4 மீட்டர். கிட்டத்தட்ட நான்கு குதிரை நீளம்! அப்படி ஓடிவிட்டு ஒரு தலையில் தோற்ற குதிரையை, உள்வேலியை ஒட்டி ஓடி ஜெயித்த குதிரைக்குக் கீழே வைப்பதற்கு எனக்கு மனம் வராது.

காற்றும் கணக்கில் உண்டு. லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்னொரு குதிரையின் மறைவில் ஓடினால் காற்றின் எதிர்ப்பு மூன்றில் இரண்டு பங்கு வரை குறையலாம். வழி நெடுக முன்னால் நின்று காற்றைக் கிழித்துக்கொண்டு போன குதிரை கடைசி அடியில் பிடிபட்டால், நம் பரிதாபம் அதற்கும் கொஞ்சம் சேரவேண்டும். ஆனால் நாம் பரிதாபப்படுவதெல்லாம் பின்னாலிருந்து பறந்து வந்து கோட்டைவிட்ட குதிரைக்குத்தான்.

அந்தப் பறத்தல் பெரும்பாலும் கண்ணின் மயக்கம். ஓட்டம் வேகமாகத் தொடங்கியிருந்தால், கடைசி 400 மீட்டரில் எல்லாக் குதிரைகளும் வேகம் குறைகின்றன. முன்னால் ஓடியது அதிகமாகக் குறைகிறது, பின்னாலிருப்பது குறைவாகக் குறைகிறது. நமக்கோ பின்னாலிருப்பது சீறிப் பாய்வதாகத் தோன்றும். குதிரையின் உடல் வேலை செய்யும் விதம் அப்படி. நல்ல பந்தயக் குதிரை ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் சுமார் 180 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தக்கூடியது. மனிதர்களில் தலைசிறந்த ஓட்டக்காரர்களைப்போல இரண்டு மடங்கு. ஓட ஆரம்பித்ததும் மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டுகிறது. இவ்வளவு இருந்தும், ஆக்சிஜன் ஈடுகொடுக்காத வேகத்தில் தொடங்கினால் தசைகள் கடன் வாங்கித்தான் ஓடவேண்டும். அந்தக் கடன் கடைசி நீட்டத்தில் வசூலாகிறது. ஆகவே முன்னணிக் குதிரைகள் வெறித்தனமாகத் தொடங்கிய ஓட்டத்தில் பின்னாலிருந்து வந்து இரண்டாவதான குதிரைக்குச் சூழ்நிலை கைகொடுத்திருக்கிறது. மெதுவாகத் தொடங்கிய ஓட்டத்தில் அதே மாதிரி நெருங்கி வந்ததென்றால் அது உண்மையிலேயே பெரிய விஷயம். 200 மீட்டருக்கு ஒருமுறை எடுத்த நேரங்களைப் பார்த்தால் இந்த இரண்டையும் பிரித்துவிடலாம்.

ஸென்யாட்டா அன்று ஆரம்பத்திலேயே கூட்டத்தை விட்டு வெகுதூரம் பின்தங்கியது. ஜாக்கி மைக் ஸ்மித் கண்ணீரோடு, தவறு தன்னுடையது என்று சொன்னார். அவர் நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் பின்தங்கி ஓடுவதுதான் அந்தக் குதிரையின் வழக்கம். அப்படி ஓடும் குதிரை ஒவ்வொரு முறையும் வெளிப்பக்கம் சுற்றவேண்டும், இல்லையென்றால் இடைவெளி திறக்கும் வரை காத்திருக்கவேண்டும். அது 19 முறை நடந்தேறியது, ஒருமுறை நடக்கவில்லை. ஒரே மாதிரியான துரதிர்ஷ்டம் ஒரு குதிரைக்கு மீண்டும் மீண்டும் வந்தால், அதை அதன் ஓட்ட முறைக்கான விலை என்று எடுத்துக்கொள்வதே சரி.

அப்புறம் குணம். குதிரை மந்தையில் வாழும் விலங்கு. அதன் கண்கள் ஏறத்தாழ 350 பாகை சுற்றளவைப் பார்க்கின்றன. முன்னால் வந்ததும், பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் சில குதிரைகள் தளர்ந்துவிடும். சில ஒரு பக்கமாகவே சாயும். ஓரப் பார்வையை மறைக்கும் பிளிங்கர் இதற்காகத்தான் போடப்படுகிறது. ஒரே ஓட்டத்தைப் பார்த்துக் குணம் என்று முடிவு கட்டக்கூடாது. வேறு ஜாக்கி, வேறு மைதானம் என்று மாறியும் அதே இடத்தில் அதையே செய்தால்தான் அது குணம்.

அப்போதும் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் விடும். குரல்வளையின் ஒரு பக்கம், பெரும்பாலும் இடது பக்கம், சரியாகத் திறக்காத குதிரைகள் உண்டு. கடும் ஓட்டத்தில் நுரையீரலில் ரத்தம் கசியும் குதிரைகளும் உண்டு. இவை முடிவில் துவண்டுபோவதைப் பார்த்து 'மனசு வைக்காத குதிரை' என்று பேசுவது பெரிய அநியாயம். குணம் என்று பெயர் வைக்கும் முன் கால்நடை மருத்துவரின் எண்டோஸ்கோப் உள்ளே போய் வரவேண்டும்.

தூக்கிவைத்து ஆடுவது என்பது நம் மதிப்பீட்டின் கோளாறு. சமபலமுள்ள இரண்டு குதிரைகள் தலைக்குத் தலை முடிக்கும்போது யார் ஜெயிப்பது என்பது ஏறக்குறைய நாணயம் சுண்டுவதுதான். அப்படி ஐந்து முறை தொடர்ந்து தோற்க 32-இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஆயிரம் குதிரைகள் ஐந்து நெருக்கமான முடிவுகளைச் சந்தித்தால், எந்தக் குறையும் இல்லாமலே சுமார் 31 குதிரைகள் ஐந்திலும் தோற்கும். நம் கண் அந்த 31-ஐத்தான் தேடிப் பிடிக்கிறது. அடுத்து, மிகச் சிறந்த ஒரு ஓட்டத்துக்குப் பின் குதிரை சராசரிப் பக்கம் திரும்புவது இயல்பு. பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தில் எடுத்துக்காட்டிய அதே பின்னடைவு. 'அநியாயமாகத் தோற்றது' என்று எல்லாருக்கும் தெரிந்த குதிரை, அடுத்த ஓட்டத்தில் தகுதிக்கு மீறிய ஃபேவரிட்டாக, அதாவது ஜெயிக்கும் என்று அதிகம் பேர் பணம் கட்டும் குதிரையாக நிற்பது இதனால்தான்.

உண்மையான துரதிர்ஷ்டத்தை அடுத்தடுத்த ஓட்டங்கள் காட்டிக்கொடுக்கும். 1986 எப்சம் டெர்பியில் டான்சிங் பிரேவ் மிகவும் பின்னாலிருந்து வந்து ஷாராஸ்தானியிடம் அரை நீளத்தில் தோற்றது. அதே ஆண்டு அஸ்காட்டில் கிங் ஜார்ஜ் ஓட்டத்திலும், பாரிஸில் ஆர்க் ஓட்டத்திலும் அது ஜெயித்தது. இரண்டிலும் ஷாராஸ்தானிக்கு நான்காவது இடம்.

இந்த மூன்று விளக்கத்திலும் அடங்காத தோல்வியும் உண்டு. 1978-இல் அமெரிக்காவின் மும்முடி (டிரிபிள் கிரவுன்) ஓட்டங்கள் மூன்றிலும் ஆலிடார் என்ற குதிரை இரண்டாவது. முதலில் ஒன்றரை நீளம், பிறகு ஒரு கழுத்து, கடைசியாக பெல்மான்ட்டில் ஒரு தலை. மூன்றிலும் ஜெயித்தது அஃபர்ம்ட். இரண்டும் மொத்தம் பத்து முறை மோதின, ஏழு முறை அஃபர்ம்ட் பக்கம். ஆலிடாருக்கு ஒரு குணக்கேடும் இல்லை, யாரும் அதை வீணாகப் புகழவும் இல்லை. பெல்மான்ட்டில் அது ஒரு தலையில் தோற்றபோது, மூன்றாவது குதிரை அதற்கு 13 நீளம் பின்னால் இருந்தது.