புது ஸ்வர வரிசை போட்டால் புது ராகமா?

எங்கள் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் இப்போது சொந்தமாக மெட்டுப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். ஆனால், பலரும் "டீச்சர், இது புது ராகம்" என்றுதான் தொடங்குகிறார்கள். ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராகமான ஒரு மேளகர்த்தாவில் இரண்டு ஸ்வரங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கீபோர்டில் வாசிப்பார்கள். ஸ்வரங்கள் ஏறி இறங்கும், ராகம் மட்டும் வராது.

ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்களைப் பாருங்கள். இரண்டுக்குமே ஏறும்போது ச ரி ம ப த ச, இறங்கும்போது ச நி த ப ம க ரி ச. ஆரபியில் காந்தாரத்தையும் (க) நிஷாதத்தையும் (நி) தொட்டும் தொடாமலும் தாண்டிவிட வேண்டும். நடையில் விறுவிறுப்பு, அசைவு குறைவு. தேவகாந்தாரியில் நின்று, அசைத்து, இழைத்துப் பாட வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் ஆரபி எட்டிப் பார்த்துவிடும். ராக இலக்கணம் என்று நாங்கள் மன்றாடுவது இந்தப் பிடிகளை, அதாவது ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரச் சேர்க்கைகளைத்தான்.

தியாகராஜர் ஆரபியில் 'சாதிஞ்செனே' செய்தபோது ராகத்தில் கை வைக்கவில்லை. புதுமையைப் பாட்டின் அமைப்பில் வைத்தார். வழக்கமாகச் சரணம் முடிந்தால் பல்லவிக்குத் திரும்புவோம். இங்கே ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் 'சமயானிகி தகு மாடலாடெனே' வரும். 'சமயத்துக்குத் தகுந்தபடி பேசினானே' என்று கண்ணனைச் சொல்லும் அந்த ஒரே வரி, முன்னால் வந்த சரணத்தைப் பொறுத்து ஒருமுறை கொஞ்சலாகவும் ஒருமுறை குறையாகவும் கேட்கும். எத்தனை முறை பாடினாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

அதற்காக, எதைக் கேட்டாலும் "சம்பிரதாயத்தில் இல்லை" என்று வாயை அடைக்கும் ஆசிரியர்கள் பக்கமும் நான் இல்லை. கரகரப்பிரியாவைப் பெரிய ராகமாக நிலைநிறுத்தியவரே தியாகராஜர்தான். நாலே ஸ்வரத்தில் மகதி ராகத்தைத் தந்தார் பாலமுரளிகிருஷ்ணா. 72 மேளகர்த்தாவிலும் கீர்த்தனை இயற்றியவர் அவர். ஒரு பிரயோகம் (ஸ்வரச் சேர்க்கை) கூடாது என்றால் ஏன் கூடாது என்று பாடிக் காட்ட வேண்டியது ஆசிரியரின் கடமை.

சரி, புது ராகம்தான் வேண்டும் என்கிறீர்களா? கீபோர்டை மூடிவிட்டு, சுருதிப்பெட்டியோடு கால்மணி நேரம் அதில் ஆலாபனை செய்து பாருங்கள். எந்த ஸ்வரத்தில் நிற்கலாம், எதை அசைக்கலாம், எந்தப் பிடியைப் பாடினால் பக்கத்து ராகம் வந்துவிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாகித்யம் (பாட்டு வரிகள்) அப்புறம் எழுதலாம்.