வேல்ஸின் பழைய சுரங்க ஊரில் வீடு வாங்குகிறீர்களா? மழை நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

தெற்கு வேல்ஸின் ரோண்டா, டாஃப், கனன் (Cynon) பள்ளத்தாக்குகளில் விற்பனைக்கு வரும் வீடுகளை ஆய்வு செய்து அறிக்கை கொடுப்பது என் தொழில். அப்பகுதி மருத்துவமனைகளில் வேலை கிடைத்து வரும் நம்மவர்கள், கார்டிஃப் நகரின் விலையைக் கேட்டு மலைத்துவிட்டு, ரயில் எட்டும் தூரத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நூறாண்டுக் கல்வீடு ஒன்றைப் பார்த்து மனம் பறிகொடுத்து என்னை அழைப்பது வழக்கம். அவர்களுடைய முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “வீட்டுக்குக் கீழே சுரங்கம் இருக்கிறதாமே?”

இருக்கும். அந்தப் பள்ளத்தாக்குகளில் அது இல்லாத தெருவைத் தேடுவதுதான் கடினம். ஆனால் நான் பார்த்தவரை, வாங்குபவர்கள் எதற்கு மிகவும் அஞ்சுகிறார்களோ அதற்குத்தான் சட்டத்தின் பாதுகாப்பு அதிகம். எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்களோ, அந்தத் தண்ணீர்தான் பிறகு கையைக் கடிக்கிறது.

முதலில் நிலத்தடியைப் பார்த்துவிடலாம். ரோண்டாவின் கடைசி ஆழ்சுரங்கமான மார்டி 1990-இல் மூடப்பட்டது. ஆழத்தில் நிலக்கரியை வெட்டி எடுத்ததால் நிலம் பொதுவாக உள்வாங்குவது வெட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே நடந்து அடங்கிவிடும். நாற்சதுரமாக இல்லாமல் கோணலாக இழைக்கப்பட்ட கதவுகளையும், பல முறை பெயின்ட் பூசி மூடிய விரிசல்களையும் காணும்போது, அந்த வீடு எப்போதோ அசைந்து, பிறகு நிலைகொண்டுவிட்டது என்றே படிக்கிறேன். விளிம்பு கூர்மையாகவும் உள்ளே தூசி படியாமலும் இருக்கும் புது விரிசலைக் கண்டால்தான் நின்று பார்ப்பேன். இன்றைக்கும் மிஞ்சியிருக்கும் ஆபத்து, ஆழமில்லாத பழைய வெட்டுகளிலும் மூடப்பட்ட சுரங்க வாய்களிலும்தான் இருக்கிறது. உங்கள் சொலிசிட்டர், அதாவது வீடு வாங்கும் சட்ட வேலைகளைக் கவனிக்கும் வழக்கறிஞர், வாங்கும் நிலக்கரிச் சுரங்க அறிக்கை, மனையின் எல்லையிலிருந்து 20 மீட்டருக்குள் அப்படிப்பட்ட வாய் ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று சொல்லும்.

நிலக்கரிச் சுரங்கத்தால் நிலம் உள்வாங்கி வீடு சேதமடைந்தால், 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான இடங்களில் அதைச் சரிசெய்யும் பொறுப்பு அரசு அமைப்பான சுரங்கச் சீரமைப்பு ஆணையத்துடையது. 2024 நவம்பர் வரை அதற்கு நிலக்கரி ஆணையம் என்று பெயர். இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. சேதம் தெரிய வந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்; அந்தக் கணக்கு முந்தைய உரிமையாளருக்குத் தெரிந்த நாளிலிருந்தே தொடங்கிவிடக்கூடும். தவிர, அவர் பழுது பார்க்காமல் அதற்கு ஈடாகப் பணம் வாங்கியிருந்தால், அதே சேதத்துக்காக நீங்கள் மறுபடி கேட்க முடியாது. ஆகவே அறிக்கையில் பழைய முறையீடு எதுவும் குறிக்கப்பட்டிருந்தால், அது எப்படி முடிந்தது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அச்சட்டம் பேசுவது நிலத்தின் தாங்குதல் போனதால் விளையும் சேதத்தைப் பற்றி மட்டுமே. 2021 ஜனவரியில் நீத் அருகே ஸ்கியூவன் ஊரில் பழைய சுரங்கத்துக்குள் தேங்கிய நீர் சுரங்க வாய் வழியே பீறிட்டு வீடுகளுக்குள் புகுந்தது. அது வெள்ளம், நிலம் உள்வாங்கல் அன்று. இந்த வேறுபாடு வீட்டுக் காப்பீடு எடுக்கும்போது நினைவில் இருக்க வேண்டும்.

அடுத்து, தலையை உயர்த்தி மலையைப் பாருங்கள். அங்கே எல்லோரும் ‘டிப்’ என்று சொல்லும் சுரங்கக் கழிவுக் குன்றுகள் வேல்ஸ் முழுவதும் 2,500-க்கும் மேல் உள்ளன. 1966 அக்டோபர் 21 அன்று அபர்ஃபானில் 116 குழந்தைகள் உட்பட 144 பேரைப் புதைத்த குன்று, நீரூற்றின் மேல் கொட்டி உயர்த்தப்பட்டது. 2020 பிப்ரவரியில் டெனிஸ் புயலின்போது டைலர்ஸ்டவுனிலும், 2024 நவம்பரில் பெர்ட் புயலின்போது கும்டிலரியிலும் சரிந்தவையும் மழைநீரில் ஊறிய குன்றுகளே. அரசு இவற்றைத் தரம் பிரித்து இணையத்தில் வரைபடமாக வெளியிட்டிருக்கிறது. ஆபத்து வாய்ப்பு கூடுதலான சி, டி பிரிவுகளில் இருப்பவை அடிக்கடி சோதிக்கப்படுகின்றன. அருகில் டி பிரிவுக் குன்று இருப்பதாலேயே வீட்டைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதன் நீர் எந்த ஓடையில், எந்தக் குழாய் வழியே, யாருடைய நிலத்தில் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றை ஒட்டிய தெருவென்றால், வெள்ள அபாய வரைபடத்தையும் காப்பீட்டு விலையையும் ஒப்பந்தத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இனி சுவர். நான் எழுதும் அறிக்கைகளில் பாதி இதற்கே போய்விடும். இவ்வீடுகளின் சுவர்கள் பென்னன்ட் மணற்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. நடுவில் இடைவெளி கிடையாது. வாங்கிய ஈரத்தை வெளியே மூச்சாக விட்டுக்கொண்டே காலம் தள்ளியவை. பிற்காலத்தில் யாரோ அதன்மேல் சிமெண்டைப் பூசிக் கூழாங்கல் பதித்து அழகுபடுத்தியிருப்பார்கள். அந்தப் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் நீர் உள்ளே போகும், வெளியே வராது.

சென்ற ஆண்டு ஒரு செவிலியர் தம்பதிக்காகப் பார்த்த வீட்டில், முன்னறை மணமணக்கப் புது வண்ணம் பூசப்பட்டிருந்தது. பின்னறையின் சோபாவை நகர்த்திச் சுவரடியில் பதித்த மரப்பலகையில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். அழுத்தவே வேண்டாம், கேக்கில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே போய்ப் பார்த்தால், சரிவை வெட்டிக் கட்டிய வீடு என்பதால் பின்முற்றத்தின் தரை அறைத் தளத்தைவிட இரண்டடி உயரத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் ஆளுயர மண்தாங்கு சுவர் வயிறு தள்ளி நின்றது. அந்தச் சுவர் யாருடையது என்று விற்பவருக்கும் தெரியவில்லை, பத்திரத்திலும் இல்லை. வாங்கிய பிறகு அது உங்களுடையது என்று தெரியவந்தால் செலவு ஆயிரக்கணக்கான பவுண்டுகளில் வரும். ஓதம் ஏறுவதைத் தடுக்கச் சுவருக்குள் ஊசி மருந்து போடுகிறேன் என்று வருபவர்களை நான் சிபாரிசு செய்வதில்லை. முதலில் தரையைத் தாழ்த்தி வடிகால் போடுங்கள், பூச்சை உரித்துச் சுண்ணாம்புக்கு மாறுங்கள், பிறகு ஒரு வருடம் பொறுங்கள்.

இடையில் ஒன்று. வேல்ஸில் வாழும் வீட்டுக்கு 225,000 பவுண்டு வரை, வாங்கும்போது கட்டும் நிலப் பரிமாற்ற வரி இல்லை என்பது சரிதான். ஆனால் சொந்த ஊரில் உங்கள் பெயரில் 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு இருந்தால், இது இரண்டாம் வீடாகக் கருதப்பட்டு உயர் வரி விழக்கூடும். சொலிசிட்டரிடம் மறைக்காதீர்கள்.

அந்தத் தம்பதியை மழை கொட்டும் நாளில் ஒருமுறை போய்ப் பின்சந்தில் நிற்கச் சொன்னேன். சனிக்கிழமை மாலை அவர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். சந்தின் மேல்கோடியில் இருந்த சாக்கடைக் கம்பிச்சட்டம் இலைகளால் அடைபட்டு, மலைத்தண்ணீர் முழுவதும் படிக்கட்டில் இறங்கி நேராக அந்த முற்றத்துக்குள் போய்க்கொண்டிருந்ததாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் மண்வெட்டியோடு வந்து சட்டத்தைச் சுரண்டிவிட்டு, குளிர்காலம் முழுக்கத் தமக்கு இதே வேலைதான் என்றாராம். அவர்கள் அந்த வீட்டை வாங்கினார்கள். வடிகாலுக்கும் சுவருக்கும் ஆகும் செலவை விலையில் கழித்துக்கொண்ட பிறகு.