தீயை அணைப்பது அப்புறம், முதலில் வால்வை மூடு

கப்பல் எரிபொருளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 60 டிகிரி. அதற்குக் குறைந்த வெப்பத்திலேயே பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுகிற எண்ணெயைச் சரக்குக் கப்பல் எஞ்சினுக்குப் பொதுவாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை. செட்டிநாட்டிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன தலைமுறை ஏறிய நீராவிக் கப்பல்களில் எரிந்தது நிலக்கரி, பிறகு வந்தது கனமான உலை எண்ணெய். இரண்டும் புகை கக்கும், ஆனால் சட்டென்று பற்றாது. இப்போது புகையைக் குறைக்க வருகிற மெத்தனாலோ 12 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. காரைக்குடியில் மார்கழி விடியற்காலைகூட அவ்வளவு குளிராது!

இதற்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2015இல் ஐஜிஎஃப் என்ற தனி விதித்தொகுப்பை ஏற்றது, 2017 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் விரிவான விதிகள் இயற்கை எரிவாயுவுக்கானவை. மெத்தனாலுக்கு 2020இலும் அம்மோனியாவுக்கு 2024 கடைசியிலும் இடைக்கால வழிகாட்டுதல்கள் வந்தன.

படித்துப் பார்த்தால் தீயணைப்பை விட, வாயுவும் காற்றும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் அதிகக் கவனம் தெரிகிறது. கல்யாண வீட்டில் இரண்டாம் கட்டில் சமையல் நடக்கும்போது சிலிண்டர் குழாயில் தீப்பிடித்தால், விவரமான சமையல்காரர் தண்ணீரைத் தேடி ஓடமாட்டார், ரெகுலேட்டரை மூடுவார். கசிவு நிற்காமல் தீயை மட்டும் அணைத்தால் வாயு அறை முழுக்கச் சேர்ந்து இன்னொரு பொறிக்காகக் காத்திருக்கும். கப்பலிலும் இதே கதைதான், ஆனால் அங்கே ஓடித் தப்ப வாசல் இல்லை.

அதனால் எஞ்சின் அறைக்குள் போகிற வாயுக் குழாய்க்கு வெளியே இன்னொரு குழாய் இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் மணிக்கு 30 முறையாவது காற்று முழுதாக மாறவேண்டும், இல்லையென்றால் அதில் நைட்ரஜன் போன்ற மந்த வாயுவை எரிவாயுவைவிடக் கூடுதல் அழுத்தத்தில் நிரப்பிவைக்க வேண்டும். மீத்தேன் காற்றில் 5% சேர்ந்தால்தான் பற்றும், ஆனால் எரிபொருள் தொட்டியின் குழாய்களும் வால்வுகளும் சேரும் தொட்டி இணைப்பு அறையில் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1% வந்ததுமே மணி அடிக்கும். 2% ஆகி அதை இரண்டு உணரிகள் சேர்ந்து உறுதிசெய்தால் யாரும் கைவைக்காமலே தொட்டி வால்வு மூடிக்கொள்ளும். ஏன் இரண்டு? ஒற்றை உணரி பழுதானதற்காக நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடக் கூடாதே.

திரவ இயற்கை எரிவாயு மைனஸ் 162 டிகிரியில் இருக்கும். அது கப்பலின் சாதாரண எஃகில் கொட்டினால் எஃகு விரிசல் விடும், எனவே கசியக்கூடிய இடங்களில் துருப்பிடிக்காத எஃகுத் தட்டு வைக்கிறார்கள். தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது வேகமாகக் கொதித்து இன்னும் அதிக வாயுவாகும், தீ பெரிதாகும். மேல்தளத் தொட்டிகளின் கிடைப் பரப்பில் சதுர மீட்டருக்கு நிமிடம் 10 லிட்டர் தண்ணீர் தெளிக்கச் சொல்வது தொட்டியைக் குளிர்விக்கவும் தீ தொற்றாமல் தடுக்கவும்தான்.

மெத்தனால் தீ பட்டப்பகலில் கண்ணுக்கே தெரியாது, அகச்சிவப்புக் கேமரா வேண்டும். நான்கில் மூன்று பங்கு தண்ணீர் கலந்தாலும் பற்றக்கூடியது, சாதாரண நுரையையும் சிதைத்துவிடும், அதனால் ஆல்கஹாலைத் தாங்கும் தனி நுரை கட்டாயம். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் தொடங்கிவைத்த படகின் எரிபொருளான ஹைட்ரஜன் காற்றில் 4% முதல் 75% வரை எந்த அளவிலும் பற்றும். லேசான வாயு என்பதால் மேலே ஏறிக் கூரை மூலைகளில் தங்கும், உணரிகளையும் அங்கேதான் வைக்கவேண்டும். அம்மோனியா அவ்வளவு எளிதில் பற்றாது, அதன் ஆபத்து நச்சு. ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.

பேட்டரிதான் இந்தக் கணக்கில் அடங்காதது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் எழுந்த காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) லித்தியம் அயனி பேட்டரி ஆய்வு நடக்கிறது. அந்த வகை செல் அளவுமீறிச் சூடானால், வெளிக்காற்றை அடைத்தாலும் உள்ளேயே வேதிவினை தொடரும், பற்றக்கூடிய வாயுவும் வந்துகொண்டே இருக்கும். மூட வால்வு கிடையாது. 2019 அக்டோபரில் நார்வேயில் ஒரு பேட்டரிப் படகில் தீப்பிடித்தது, மறுநாள் காலை கீழ்த்தளத்தில் சேர்ந்த வாயு வெடித்தது. ஆகவே பேட்டரி அறைக்கு வாயுவை நேராக மேல்தளத்துக்கு வெளியேற்றும் தனிக் குழாய் வேண்டும். தீ அடங்கியதுபோல் தெரிந்தாலும் உள்ளே வாயுவை அளக்காமல் கதவைத் திறக்கக் கூடாது.