ஐந்து நாளில் ஐந்து ரவுண்ட்: தாய்லாந்து கோல்ஃப் பயணத்துக்கு முன் சில வார்த்தைகள்

நவம்பர் பிறந்துவிட்டால் என் கிளினிக்கில் கோல்ஃப் ஆடுகிறவர்களின் வருகை கூடிவிடும். தாய்லாந்து போகக் கிளம்புகிறவர்கள் சிலர். போய்விட்டு முழங்கையையோ இடுப்பையோ பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பலர். விளையாட்டுக் காயங்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில், முதல் வகையினர் அதிகம் வர வேண்டும் என்பதே என் ஆசை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

கிளம்புகிறவர்களிடம் வாட்ஸ்அப்பில் வந்த பயணத் திட்டத்தைக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் ஒரே அச்சுதான். நள்ளிரவு விமானம், விடியற்காலையில் பாங்காக். அங்கிருந்து வேனில் மூன்று மணி நேரம் பயணம் செய்து ஹுவா ஹின் என்ற கடற்கரை ஊர். மதியமே முதல் ரவுண்ட், அதாவது பதினெட்டு ஹோல். அடுத்த நான்கு நாளும் தினம் ஒரு ரவுண்ட். எந்த ஹோட்டல், எந்த கோர்ஸ் (கோல்ஃப் மைதானம்), தலைக்கு எவ்வளவு என்பதெல்லாம் சுத்தமாகக் கணக்குப் போட்டிருக்கும். ஆடப்போகிறவரின் வயது, சாப்பிடும் மாத்திரை, ஊரில் வாரத்துக்கு எத்தனை ரவுண்ட் ஆடுகிறார் என்பது எதுவும் அந்தக் கணக்கில் வந்திருக்காது. வாரத்துக்கு ஒரு ரவுண்ட் ஆடிய முதுகும் முழங்கையும் திடீரென ஐந்து மடங்கு வேலையை வாங்கிக்கொள்ளாது. இரவு முழுக்கத் தூங்காமல் வந்த அன்றைக்கே ஆடுவது இன்னும் மோசம்.

என் யோசனை எளிது. ஐந்து நாளில் மூன்று ரவுண்ட். இறங்கிய அன்று ஓய்வு, நடுவில் ஒரு நாள் கடற்கரை. பணம் கட்டிவிட்டோமே என்பதற்காக ஆடக்கூடாது. அதனால் பணம் கட்டும் முன்பே திட்டத்தைக் குறைத்துவிடுங்கள்.

எப்போது போவது என்பதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தாய்லாந்தின் இரண்டு கரைக்கும் மழைக்காலம் ஒன்றல்ல. அந்தமான் கடல் பக்கம் இருக்கும் புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கும் ஹுவா ஹின்னில் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில்தான் மழை அதிகம். இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற நல்ல காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரலில் நம் ஊர் மாதிரியே அங்கும் வெயில் கொளுத்தும். மழை மாதங்களில் கிரீன் ஃபீ, அதாவது மைதானக் கட்டணம், பாதியாகக் குறைகிறதே என்று போகிறவர்கள், பிற்பகல் இடிமழையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

கோர்ஸ்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹுவா ஹின் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் ராயல் ஹுவா ஹின் 1924-இல் திறக்கப்பட்டது, அந்த நாட்டின் மிகப் பழைய கோர்ஸ்களில் ஒன்று. புக்கெட்டின் ப்ளூ கேன்யனில்தான் 1998-இல் டைகர் வுட்ஸ் இன்னொரு பெரிய வீரரான எர்னி எல்ஸை ப்ளே-ஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில்) வென்றார். அதே புக்கெட்டில் இருக்கும் ரெட் மவுண்டன் பழைய தகரச் சுரங்கத்தின் மேல் எழும்பியது. மேடும் பள்ளமும் அதிகம். மூட்டுத் தேய்மானம் இருப்பவர்கள் அங்கே கட்டாயம் கார்ட் (மைதானத்துக்குள் ஓடும் சின்ன வண்டி) எடுக்க வேண்டும். கார்ட் திரும்பும்போது காலை வெளியே நீட்டி உட்காராதீர்கள். கணுக்காலை அப்படி உடைத்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வெயில். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சென்னைக்காரர்கள் "நமக்கு இல்லாத வெயிலா" என்பார்கள். ஏசி அறை, ஏசி கார், வாரம் ஒரு நாள் விடிகாலை ஆட்டம் என்று இருக்கிற உடம்பு வெயிலுக்குப் பழகிய உடம்பு இல்லை. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். வழிகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும்.

இதற்கு மேல் மாத்திரைகள் வேறு. ஐம்பது தாண்டிய ஆட்டக்காரர்களில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லாதவரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும், தோலை வெயிலில் சீக்கிரம் கன்ற வைக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் வெப்பத்தைத் தாங்கும் சக்தியையும் குறைக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரியான சர்க்கரை மாத்திரைகள் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் போய், "தினம் நாலு மணி நேரம் வெயிலில் ஆடப்போகிறேன். மாத்திரையில் ஏதாவது மாற்ற வேண்டுமா? வாந்தி பேதி வந்தால் எதை நிறுத்த வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் பேனாவைக் கைப்பையில் கொண்டுபோக வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அது உறைந்து கெடலாம். வெயிலில் நிற்கும் கார்ட்டில் கோல்ஃப் பேகுக்குள் வைத்தாலும் கெடும். நடந்து ஆடினால் ஒரு ரவுண்டுக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் ஆகிவிடும். சர்க்கரை இறங்க வாய்ப்புண்டு. பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், காலை ஆறரை, ஏழுக்கே வாங்குங்கள். தாய்லாந்து நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதாவது அங்கே ஆறரை என்றால் உங்கள் உடம்புக்கு ஐந்து மணி. முதல் நாள் ஓய்வு கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு மூன்று ஹோலுக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். நடுநடுவே ஓஆர்எஸ் குடிக்கலாம். ரத்த அழுத்தம், இதய, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு குடிக்கட்டும். வழியில் இருக்கும் சின்னச் சின்னக் கடைகளில் ஜில்லென்று பீர் கிடைக்கும். அதைப் பதினெட்டாவது ஹோலுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட ஆடுகிறவரைக் கவனியுங்கள். ஸ்கோரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், தப்பான ஸ்டிக்கை எடுக்கிறார், பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது தப்பான நம்பிக்கை. விளையாடும்போது வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பு நனைந்தே இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். தாய்லாந்தில் பெரும்பாலான கோர்ஸ்களில் கேடி (கூட வந்து உதவும் பணியாளர்) கட்டாயம். அவர்கள் கிளப்ஹவுஸுக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக்கூடாது.

இடி விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. 1975-இல் சிகாகோ அருகே வெஸ்டர்ன் ஓபன் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த கோல்ஃப் வீரர் லீ ட்ரெவினோவை மின்னல் தாக்கியது. பிழைத்தார், ஆனால் முதுகில் அறுவை சிகிச்சை வரை போனது. நீளமாக ஒரு சைரன் ஒலித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பது கோல்ஃப் விதி. ஒலிக்காவிட்டாலும் மின்னல் அபாயம் தெரிந்தால் நீங்களே நிறுத்திக்கொள்ள விதி அனுமதிக்கிறது. மரத்தடி கூடாது. நாலு பக்கமும் திறந்த கார்ட் பாதுகாப்பு இல்லை. கிளப்ஹவுஸுக்கோ மூடிய காருக்கோ போங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் திரும்பி வர வேண்டும்.

முழங்கை வலியோடு வருகிறவர்களின் கையைப் பார்த்தாலே பயணம் எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். க்ளவ் போட்ட இடது கை மணிக்கட்டோடு வெளுத்திருக்கும், வலது கை கறுத்திருக்கும். விரல் அடியில் கொப்புளம் உடைந்து காய்ந்திருக்கும். முழங்கையின் உட்புற எலும்பை விரலால் அழுத்தினால் முகம் சுருங்கும். வாடகை ஸ்டிக்கின் கிரிப் (கைப்பிடி) தேய்ந்திருந்தால் கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும், சுமை முழங்கைக்குப் போகும். முடிந்தவரை உங்கள் செட்டையே கொண்டுபோங்கள். விமான நிறுவனத்தின் எடைக் கணக்கை முன்பே கேட்டுவிடுங்கள். போவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே இடுப்பு, தொடை, தோள்பட்டைப் பயிற்சி தொடங்கினால் பாதிக் காயம் வராது என்பது என் அனுபவம். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூசி, உள்ளங்கையைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் கிரிப் வழுக்கும்.

தண்ணீரில் விழுந்த பந்துக்காகச் சேற்றில் இறங்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். தாய்லாந்தின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா வாழ்கிறது. காலில் சின்ன வெடிப்பு இருந்தாலே அதற்குப் போதும். சர்க்கரை நோயாளிகளை அது கடுமையாகத் தாக்கும். பகலில் கடிக்கும் கொசுவால் டெங்குவும் உண்டு. கை கால்களில் கொசு விரட்டி பூசிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். தாய்லாந்து போனது, கோல்ஃப் ஆடியது, சேற்றிலோ தேங்கிய நீரிலோ கால் வைத்தது எல்லாவற்றையும் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.